கிள்ளானில் ஒரு கிட்டார் மாப்பிள்ளை

என் தங்கை சுமதிக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் நான் மலேசியா போனேன். இந்த மாதிரிக் காரியத்துக்கு எங்கள் வீட்டில் ஆண்கள்தான் போவார்கள். ஆனால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியில் நானும், என்னை விட்டு ஒரு பொழுதுகூட இராத மூன்று வயது மகள் மீனுவும் கிளம்பினோம். தொண்ணூறுகளின் தொடக்கம். தீபாவளி முடிந்து பலகாரம்கூடத் தீரவில்லை.

“பையனைப் பாரு, வீட்டைப் பாரு. பார்த்ததை அப்படியே போன்ல சொல்லு. முடிவு நான் பண்ணிக்கிறேன்” என்று திருச்சியில் அப்பா சொல்லி அனுப்பினார். சுமதி பையனுடைய புகைப்படத்தை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பாஸ்போர்ட் அளவுப் படம். நெற்றியிலிருந்து படிய வாரிய தலை, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. பெயர் தயாளன். கிள்ளான் துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். அவனுடைய தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்.

என் கைப்பையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. ஒன்று தப்பாகக் காட்டினால் என்ன செய்வது? விமானத்தில் மீனு நன்றாகத் தூங்கினாள். அவள் மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நான் தூங்காமல் வந்தேன்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் பத்மா சித்தி இருந்தாள். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேச்சில் பாதி திருச்சி, பாதி இந்த ஊர்; இந்த ஊர்க்காரர்கள் பேச்சை முடிக்கும்போது சும்மா ஒரு ‘லா’ சேர்ப்பார்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் “பசியாறிட்டியா?” என்று கேட்டாள். இவ்வளவு பசியோடவா இருந்தேன் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. இங்கே காலைச் சாப்பாட்டுக்கே அதுதான் பேர் என்று பிறகு தெரிந்தது. அதன்பின் தெருவில் யாராவது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து “பசியாறியாச்சா அண்ணே?” என்று கேட்கும்போதெல்லாம், நம் ஊரில் இந்த நல்ல வார்த்தையை எங்கே தொலைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் கோயில் மணியும் சர்ச் மணியும் பக்கத்துப் பக்கத்தில் கேட்கின்றன. வாழை இலைக் கடையில் சோற்றை மலை மாதிரி குவித்துவிட்டு, வேண்டாம் என்று கையை நீட்டினாலும் கைமேலேயே ரசம் ஊற்றுகிறார்கள். நான் சைவம். சம்பல் என்று வைத்ததில் குட்டிக் குட்டியாக நெத்திலி. “அது மீன் இல்லக்கா, சும்மா வாசனைக்கு” என்று பரிமாறியவர் சமாதானம் சொன்னார். மீனு அதற்குள் ஒன்றை வாயில் போட்டுவிட்டாள். அன்று பூராவும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று வேண்டும் என்று கேட்டதுதான் மிச்சம்.

அடுத்த நாள் கிள்ளான் போவதாக ஏற்பாடு. முதலில் சின்ன பிங்க் நிற பஸ் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அது நிற்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. “ஏறும்போது யோசிக்காதே, ஏறிட்டு யோசி” என்று சித்தி எச்சரித்திருந்தாள். நான் மீனுவைத் தூக்கிக்கொண்டு ஒருவழியாக ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சித்தி ரோட்டில் நிற்கிறாள், பஸ் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரு சொல் மலாய் தெரியாது. “சித்தி! சித்தி!” என்று கத்தினேன். கண்டக்டர், அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்து, அங்கே போகாது என்று கையை ஆட்டினார். ஒரு சீன அம்மாள்தான் ஜன்னல் வழியாகச் சித்தி ஓடி வருவதைப் பார்த்துவிட்டு டிரைவரை அதட்டினாள். பஸ்ஸே சேர்ந்து கத்தியது. நின்றது. சித்தி ஏறி, மூச்சு வாங்க, முதலில் என்னைத்தான் திட்டினாள்: “நான் ஏறினேனான்னு பாக்க மாட்டியா?”

கிள்ளானுக்குப் போகும் பெரிய பஸ் நல்ல பஸ். ஆனால் பாதி வழியில் மழை பிடித்தது. திருச்சியில் மழை வந்தால் நாங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம். இங்கே தினமும் மதியம் ஆபீசுக்கு வருவது போல மழை வருகிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தயாளன் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் செருப்புகள் ஒழுங்காக இருந்தன. அதை மனதில் குறித்துக்கொண்டேன். கூடத்தில் ஆளுயர முருகன் படம், புதுப் பூ. அதையும் குறித்துக்கொண்டேன். தயாளனின் அம்மா, கணவரை இழந்து, தோட்டத்திலிருந்து வெளியே வந்து, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து மகனைப் படிக்க வைத்தவர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “வாங்கம்மா, வாங்க. வழியில நனைஞ்சிட்டீங்களா? புள்ளைக்கு மைலோ கலக்கட்டா?” என்றார்.

சாக்லேட் பால் மாதிரியான அந்த மைலோவைக் கொண்டுவந்தது தயாளன். உயரமான பையன். நல்ல முகம். மீனு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, ஊதி ஆற்றி, டம்ளரைக் கொடுத்தான். அப்போதுதான் கவனித்தேன். தோளுக்குக் கீழே தொங்கும் முடி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான். புகைப்படம் நேராக எடுத்தது. பின்பக்கம் எப்படித் தெரியும்?

என் முகம் மாறியிருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார்.

“அது… வேண்டுதல்மா” என்றார். “தைப்பூசத்துக்குப் பத்துமலையில எறக்கிடுவான்.”

தயாளன் டக்கென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பையன் என்று நான் எடுத்துக்கொண்டேன். மீனுவுக்குச் சமயபுரத்தில் முடி இறக்கியவள் நான். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நேர்ந்துகொண்டு, ஒரு வருஷம் கத்திரிக்கோல் படாமல் அந்த முடியைக் காப்பாற்றியிருக்கிறேன். வேண்டுதல் முடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே சித்தி வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவின் குரலே மாறிவிட்டது. “பார்த்தியா! மூணு தலைமுறையா வெளிநாட்டுல இருந்தும் காவடி எடுக்கிற பையனா இருக்கான்!” காவடி என்று நான் சொல்லவே இல்லை. திருத்தலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, அம்மா பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டு, வேண்டுதல் திருச்சி முழுக்கப் பரவ ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை சித்தி வீட்டு கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். தயாளன், கையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

“மாப்பிள்ளை, உள்ள வாங்க” என்றாள் சித்தி.

“இன்னும் ஆகல ஆன்டி” என்றான். “அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு உள்ள கூப்பிடுங்க.”

குடியா, வேறு பெண்ணா, கடனா என்று மூன்று நொடியில் மூன்று கல்யாணங்களை நிறுத்திவிட்டேன்.

“வேண்டுதல் எல்லாம் இல்லக்கா. நான் ராக் வாசிக்கிறவன். ஹார்ட் ராக். லீட் கிட்டார். முடி அதுக்குத்தான். அம்மா பயந்து போய் சொல்லிட்டாங்க. நான் பொய் சொல்லல, சும்மா இருந்தேன். ராத்திரி பூரா யோசிச்சேன், அதுவும் பொய்தானே லா?”

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்பாவின் சந்தோஷக் குரல்தான் காதில் கேட்டது. இதை எப்படித் திருப்பி எடுப்பது? திருப்பி எடுக்கத்தான் வேண்டுமா? பையன் நல்ல பையன். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடுமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அதையே அவனும் சொன்னான். “அம்மா அழுவுறாங்க அக்கா. சாமி படத்துக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லியாச்சாம், இனிமே அது நெசமான வேண்டுதலாம், மொட்டை போட்டுத்தான் ஆகணுமாம். போட்டுக்கிறேன். முடிதானே. ஆனா முடி போனா சத்தமும் போயிடும்னு உங்க தங்கச்சி நினைச்சிடக் கூடாது. சத்தம் போகாது.”

“கல்யாணத்துக்கப்புறம் விட்டுடுவீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா.”

இப்படி ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லும் மாப்பிள்ளையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சொல்வார்கள். எதையும் விடமாட்டார்கள்.

சித்தி ஒருவழியாக எழுந்து, “சரி, டீ குடிச்சிட்டாவது போங்க” என்று உள்ளே கூப்பிட்டாள். எப்படி இதில் போய் விழுந்தான் என்று கேட்டேன். தொழிற்பள்ளியில் படிக்கும்போது பழைய ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் ரிப்பேர் செய்து கொடுப்பானாம். சரியாகிவிட்டதா என்று பார்க்க யாரோ விட்டுப்போன கேசட் ஒன்றைப் போடுவானாம். “மத்தப் பாட்டுல லூஸ் கனெக்‌ஷன் தெரியாதுக்கா. இதுல மறைக்க முடியாது. எங்க லூஸோ அங்க கிர்ருனு காட்டிக் கொடுத்திடும். டெஸ்ட் பண்ணப் பண்ண, பாட்டு மனசுக்குள்ள போயிடுச்சு.” தான் ஒன்றாம் வகுப்புக்கு அழுதுகொண்டே போன காலத்தில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாட்டு அது என்று சிரித்தான்.

“அவ்ளோ பழசா? அதையா இப்பப் போட்டு வாசிக்கிறீங்க?” என்றாள் சித்தி.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிள்ளான்ல ஷோ இருக்கு ஆன்டி. வந்து பாருங்க. யாரு யாரு வராங்கன்னு பாருங்க. அப்பறம் வேணாம்னு சொன்னாலும் சரி.”

வெள்ளியும் சனியும் நான் யோசித்தே தீர்த்தேன். பாசார் மாலாம் என்கிற சாலையோரச் சந்தைக்குச் சித்தி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கேசட் கடையில் நம் சினிமாப் பாட்டுக்கும் மலாய்ப் பாட்டுக்கும் நடுவே கறுப்பு அட்டை போட்ட ராக் கேசட் வரிசை இருந்தது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரச் சீனரிடம் சித்தி மலாயில் விசாரித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “புதுப் பாட்டு மூணு மாசம் ஓடுமாம். அப்பறம் சும்மா குடுத்தாலும் தொட மாட்டாங்களாம். இந்தக் கறுப்பு வரிசை பத்து வருஷமா அதே பாட்டு, வாங்குற ஆளுதான் புதுசாம்.”

ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் ஒரு சீனர் சங்கத்தின் மாடி மண்டபம். நான் பஞ்சு கொண்டுபோயிருந்தேன். மீனுவின் காது என்ன ஆவது? சித்திக்கும் கொடுத்தேன். தயாளனின் அம்மா வாசலிலேயே எங்களுக்காகக் காத்திருந்தார், பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கோயிலுக்கு வந்தவர் மாதிரி. மகன் மேடையில் வாசித்து அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். “பொண்ணு வீட்டுக்காரங்க வரும்போது நான் வராம இருந்தா எப்படிம்மா” என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. என்னைவிடப் பயந்த ஒருவரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

உள்ளே நாற்காலிகள் பாதிதான். மற்றவர்கள் நின்றார்கள். கறுப்புச் சட்டை போட்ட மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். பெரும்பாலும் மீசை அரும்பாத வயது. டியூஷன் பையோடு நேராக வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் என் பக்கத்தில் நின்றாள். பேர் தேவி என்றாள். மீனுவின் பஞ்சைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதெல்லாம் உங்க அப்பா காலத்துப் பாட்டாமே. உனக்கு எப்படிப் பிடிக்குது?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்குப் பிடிக்காது அக்கா. அவரு காலத்துலயும் அவருக்குப் பிடிக்கல” என்றாள். “இப்ப வர்ற பாட்டுல எல்லாம் மெசின் தாளம் போடுது. இதுல ஒரு ஆளு உக்காந்து வேர்வை சிந்தி அடிக்கிறான். கேட்டாலே தெரியும். அப்பறம், கோவமா இருந்தா இதைக் கேப்பேன், சரியாயிடும். ஸ்கூல் சிஸ்டர்கிட்ட திட்டு வாங்கின அன்னைக்கு ரெண்டு தடவை.”

எங்களுக்கு முன்னால் நடு வயது மலாய்க்காரர் ஒருவர், தொப்பை வைத்தவர், பையன் தோளில் கை போட்டு நின்றிருந்தார். லாரி ஓட்டுகிறவராம். சித்தியிடம் அவராகவே திரும்பிப் பேசினார். சித்தி எனக்குச் சொன்னாள்: “இந்தப் பாட்டு வந்தப்ப அவருக்குக் கல்யாணமே ஆகலயாம். நடுவுல மறந்தே போயிட்டாராம். போன வருஷம் மகன் ரூம்ல இருந்து கேட்டுச்சாம். கதவைத் தட்டித் திட்டப் போனவரு, உள்ள போய் உக்காந்துட்டாராம்.”

விளக்கு அணைந்து, மேடையில் மட்டும் வெளிச்சம் வந்தது. நான்கு பேர். பாடுகிறவன் மலாய்ப் பையன், டிரம்ஸ் சீனன், இன்னொரு கிட்டாருக்கு ஒரு சர்தார்ஜி. தயாளன் ஓரமாக நின்றான், முடியை அவிழ்த்துவிட்டு. முதல் அடி விழுந்ததும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பயந்து மீனுவைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். திருச்சியில் எங்கள் தெருத் திருவிழாவில் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அது காதைக் கிழிக்கும். இது அப்படி இல்லை. தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. முதல் பாட்டு முழுக்க, வெளியே போய்விடலாமா, போனால் அந்த அம்மா என்ன நினைப்பார் என்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. தயாளன் ஒற்றைத் தந்தியில் ஒரு சுரத்தை இழுத்து, விரலை நடுக்கி, அங்கேயே நிறுத்தினான். நான் எட்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதில்லை. அந்த ஒரு சுரம் எங்கே போகப் போகிறது என்று என் தொண்டை தானாகத் தேடியது. அவன் நான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. அதற்கு மேலே போனான். வாய்விட்டு ‘ஆஹா’ என்றிருக்கிறேன். சித்திதான் பிறகு சொன்னாள்.

அந்தப் பாட்டின் நடுவில்தான் கரண்ட் போனது.

படீரென்று ஒரு சத்தம். பிறகு இருட்டு, ஜன்னல் இடுக்கில் வந்த மங்கல் வெளிச்சம் மட்டும். கிட்டார்கள் செத்துப்போயின. பாடியவனின் மைக் செத்துப்போனது. டிரம்ஸ் மட்டும் இரண்டு அடி தனியாக விழுந்து நின்றது. தயாளனின் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, “ஐயோ முருகா” என்றார். அவருக்கு எல்லாம் தான் சொன்ன பொய்யினால் என்று பட்டிருக்க வேண்டும்.

தயாளன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து குதித்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு பக்கச் சுவரில் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்தான். நம் ஊராக இருந்தால் இந்நேரம் விசில் பறந்து, நாற்காலி பறந்திருக்கும். நான் வாசல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

யாரோ ஒரு பிள்ளை பின்னாலிருந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. வார்த்தை இல்லை, கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சுரங்களை வாயாலேயே. “நா-நா-னாஆ…” பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். தேவி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். லாரிக்காரரும் மகனும் ஒரே குரலில் பாடினார்கள், ஒரு வளைவு, ஒரு நெளிவு விடாமல். காலால் தாளம். மூன்று மொழிக்காரப் பிள்ளைகள், தாங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே எங்கோ யாரோ வாசித்ததை, அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். யார் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. நாங்கள் எல்லாம் பாட்டு வாத்தியார் தொடையைத் தட்டித் தட்டி, அழுது அழுது கற்றுக்கொண்டவர்கள். எட்டு வருஷத்தில் நான் கற்றதில் இன்று எத்தனை கீர்த்தனை முழுதாக நினைவிருக்கிறது?

மீனு ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொன்றை நான் எடுத்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. தயாளன் மேடை ஏறி, கிட்டாரை மாட்டி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். அவர்கள் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். ஆரம்பத்துக்குத் திரும்பவில்லை. அந்த மண்டபம் எழுப்பிய சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

“இத்தனை பேருக்கும் என் மகன் வாசிக்கிற பாட்டு தெரியுதா?” என்று அவன் அம்மா என் காதில் கத்திக் கேட்டார்.

“ஆமாங்க!”

“எனக்குத்தான் தெரியல” என்றார்.

முடிந்ததும் கீழே, மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். உயரத்திலிருந்து இழுத்து ஆற்றிய டீ, சித்திக்கு ரொட்டி சானாய் என்கிற பரோட்டா. தயாளன் வந்து, வேர்வை சொட்ட, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவன் அம்மா தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தார். ஆனால் பிடிவாதம் போகவில்லை.

“என்ன இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். தைப்பூசத்துக்கு எறக்கணும். முருகன் கேட்டுட்டான்.”

“சரிம்மா, எறக்கலாம் லா. திரும்ப வளரும்” என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “வேண்டுதல்னா எதையாவது கேட்டிருக்கணுமே. நீங்க அன்னைக்கு என்ன கேட்டீங்க?” என்றேன்.

அவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். “வேற என்னம்மா கேப்பேன்? முடியப் பாத்துட்டு என் புள்ளைய யாரும் வேணாம்னு சொல்லிடக் கூடாதுன்னு கேட்டேன். இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல சொல்லிட்டாங்க.”

மீனு மேஜையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். கண்டிக்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பார்த்ததை அப்படியே சொல்லு என்பது அப்பாவின் உத்தரவு. அப்படியே சொன்னால், முதலில் சொன்னது பொய் என்றாகும். அந்த அம்மாவை அப்பா மன்னிக்கவே மாட்டார். சொல்லாவிட்டால், கல்யாணத்துக்கு மறுநாள் சுமதி வீட்டில் ஒரு பெட்டி திறக்கும், உள்ளே கிட்டார் இருக்கும். யார் வாழப் போகிற வீடு அது? எண்களைச் சுழற்றினேன். அப்பா எடுத்தார். “சுமதியக் கூப்பிடுங்க” என்றேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயத்தில் பெண்ணை முதலில் கூப்பிட்டதே கிடையாது. அப்பா ஒன்றும் புரியாமல் போனைக் கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடி, முருகன், கேட்டுக்கு வெளியே நின்றது, விடமாட்டேன் என்றது, பியூஸ் பெட்டி. தலையும் வாலும் இல்லாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“நீ யோசிச்சு சொல்லு. அப்பாகிட்ட நான் மெதுவா எடுத்துச் சொல்றேன். வேணாம்னா வேணாம், நான் என்ன சொல்றேன்னா…”

“நீ சொல்லாதேக்கா” என்றாள். “நீ சொன்னா நாம ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கும். நானே சொல்றேன். லைன்ல இரு.”

போனை மேஜையில் வைக்கும் சத்தம். பிறகு அவள் குரல், கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக: “அப்பா, மாப்பிள்ளைக்கு வேண்டுதல் எதுவும் இல்லையாம். அவங்கம்மா பயந்து போய் சொல்லியிருக்காங்க. அவர் மேடையில கிட்டார் வாசிக்கிறாராம், இங்கிலீஷ் பாட்டு, அதுக்குத்தான் முடி வளர்த்திருக்காராம். நேர்ல வந்து அக்காகிட்ட அவரே சொல்லிட்டார். எனக்குச் சம்மதம்.”

அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அப்பா அதட்டினார். அதன்பின் வெறும் இரைச்சல். மீனு என் மடியில் ஏறி, நானும் பேசுவேன் என்று போன் கம்பியை இழுத்தாள். பக்கத்தில் நின்ற சித்தி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா போனை எடுத்தார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று கேட்க வாயெடுத்தேன்.

“நீ அங்க போய்க் கேட்டியா?” என்றார்.

“கேட்டேம்ப்பா.”

“நீ பாட்டு கத்துக்கிட்டவ. மழுப்பாம சொல்லு. நல்லா வாசிக்கிறானா?”

எனக்கு எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில்கள் வரும். எதைச் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி சொல்வேன். இதற்கு ஒன்றுதான் வந்தது.

“ரொம்ப நல்லா வாசிக்கிறார்ப்பா” என்றேன்.